பேச்சிப்பாறை நீர்மட்டமும் மழையும் ஒரே வரைபடத்தில்: பைதானில் அச்சுகளை அமைக்க முழுமையான வழிகாட்டி

பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றாறு ஒன்று, இரண்டு ஆகியவற்றுக்குத் தலா 18 அடி. மழைக்காலம் வந்துவிட்டால் கன்னியாகுமரி மாவட்டச் செய்திப் பக்கங்களில் இந்த அணைகளின் மட்டம் அடிக்கணக்கிலும், பாலமோர், திற்பரப்பு, சுருளகோடு, குழித்துறை, மயிலாடி, கொட்டாரம் போன்ற இடங்களில் பெய்த மழை மில்லிமீட்டர் கணக்கிலும் நாள்தோறும் வெளிவருகின்றன. இவற்றை ஓராண்டுக்குத் தொகுத்துவைத்தால், கோதையாற்றுப் பாசனத்தின் கடைமடை விவசாயிக்கும் பள்ளி மாணவருக்கும் ஒருசேரப் பயன்படும் வரைபடம் ஒன்றை வரைய முடியும். ஆனால் வரைபட நூலகத்துக்கு 48 என்ற எண்ணின் பொருள் தெரியாது. நாம் கொடுக்கும் தரவில் எது சிறியது, எது பெரியது என்று மட்டும் பார்த்து அது அச்சின் எல்லைகளை முடிவுசெய்கிறது. அளக்கப்படும் பொருளைப் பற்றி நாம் அறிந்தவற்றை, அதாவது முழு மட்டம், பூஜ்யம், பாசன ஆண்டின் தொடக்கம், அலகு ஆகியவற்றை, அச்சில் நாமே எழுத வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வேலையைப் பற்றியது.

பைதான் நிரல்மொழியும், வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப், தரவு அட்டவணையைக் கையாளும் பாண்டாஸ் ஆகிய அதன் நூலகங்களும் கணினியில் நிறுவப்பட்டிருப்பதாகக் கொள்கிறேன். பாண்டாஸ் பிடி என்றும், மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் பகுதி பிஎல்டி என்றும், டேட்ஸ் பகுதி எம்டேட்ஸ் என்றும் இறக்குமதி செய்யப்பட்டிருக்க வேண்டும்; லொக்கேட்டர், ஃபார்மேட்டர் என்று முடியும் பெயர்களை மேட்பிளாட்லிப்பின் டிக்கர், டேட்ஸ் பகுதிகளிலிருந்து இறக்குமதி செய்துகொள்ளுங்கள். நூலகக் கட்டளைகளை இங்கே ஒலிபெயர்த்துத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் இட வேண்டும். மாறிகளின் பெயர்கள் அப்படியல்ல. பைதான் 3 யூனிகோடு பெயர்களை ஏற்பதால் தரவு, அச்சு, மழைஅச்சு போன்றவற்றை உள்ளபடியே தமிழில் எழுதலாம். மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது இதை நான் பெரிதும் விரும்புகிறேன்; நூலகத்தின் சொல் எது, நம்முடைய சொல் எது என்பது முதல் பார்வையிலேயே பிரிந்து தெரிகிறது.

தேதியைத் தேதியாகப் படிக்கவைத்தல்

அச்சு தொடர்பான குழப்பங்களில் பெரும்பகுதி அச்சில் தொடங்குவதில்லை, தரவுக் கோப்பில் தொடங்குகிறது. தேதி, நீர்மட்டம், மழை என்ற மூன்று நெடுவரிசைகள் கொண்ட சிஎஸ்வி கோப்பை (மதிப்புகள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட உரைக்கோப்பை)ப் பின்வருமாறு படிக்கலாம்:

தரவு = பிடி.ரீட்_சிஎஸ்வி('அணை.சிஎஸ்வி', பார்ஸ்_டேட்ஸ்=['தேதி'], டேஃபர்ஸ்ட்=ட்ரூ)

பார்ஸ்_டேட்ஸ் இல்லாவிட்டால் தேதிகள் வெறும் எழுத்துச் சரங்களாகவே இருக்கும். அப்போது மேட்பிளாட்லிப் ஒவ்வொரு தேதியையும் தனித்தனி வகையாகக் கருதி, 365 பெயர்களையும் கிடை அச்சின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். பார்க்க அசிங்கமாக இருப்பதாவது உடனே கண்ணில் படும். இன்னொரு கேடு கண்ணில் படாது. அளவு எடுக்கப்படாத நாட்கள் இருந்தால், வகை அச்சில் அந்த இடைவெளி மறைந்து, வியாழனும் அடுத்த திங்களும் அடுத்தடுத்த நாட்கள்போல ஒட்டிக்கொள்ளும். டேஃபர்ஸ்ட் என்பதை விட்டுவிட்டால், நாளை முதலில் எழுதும் நம் வழக்கம் தலைகீழாகி, ஜூன் 5 என்பது மே 6 ஆகப் படிக்கப்படலாம். ஆகவே வரைவதற்கு முன் தரவு.டிடைப்ஸ் என்று கேட்டு, தேதி நெடுவரிசை உண்மையிலேயே தேதி வகையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடு அச்சின் எல்லை

படம், அச்சு = பிஎல்டி.சப்பிளாட்ஸ்(ஃபிக்சைஸ்=(10, 5), லேஅவுட்='கன்ஸ்ட்ரெயின்ட்')
அச்சு.பிளாட்(தரவு['தேதி'], தரவு['நீர்மட்டம்'])

இந்த இரண்டு வரிகளோடு நிறுத்தினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஒரு வாரத்தில் பேச்சிப்பாறை மட்டம் 41 அடியிலிருந்து 43 அடிக்கு ஏறியதாக வைத்துக்கொள்வோம். மேட்பிளாட்லிப் தரவின் வீச்சில் நூற்றுக்கு 5 பங்கை இருபுறமும் ஓரமாக விடுவது வழக்கம் என்பதால், அச்சு 40.9 முதல் 43.1 வரை அமையும். கோடு படத்தின் தரையிலிருந்து கூரை வரை ஏறும். அதைப் பார்ப்பவர் அணை வறண்டு கிடந்து ஒரே வாரத்தில் நிரம்பிவிட்டது என்று எண்ணுவதற்கு எல்லா நியாயமும் உண்டு. அதே இரண்டு அடி, 0 முதல் 48 வரையுள்ள அச்சில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுக்குத்தான் தெரியும்.

அச்சு.செட்_ஒய்லிம்(0, 48)

என்று எழுதுவதே நேர்மையான தொடக்கம். இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. செட்_ஒய்லிம் அழைக்கப்பட்டதும் அந்த அச்சின் தானியங்கி அளவீடு நின்றுவிடும். ஆகவே கோடு வரைவதற்கு முன்பே செட்_ஒய்லிம்(பாட்டம்=0) என்று கீழ் எல்லையை மட்டும் கொடுத்தால், மேல் எல்லை வெற்றுப் படத்துக்குரிய 1 என்ற மதிப்பிலேயே உறைந்துபோய், பின்னர் வரையப்படும் கோடு படத்துக்கு வெளியே போய்விடும். எல்லைகளைக் கடைசியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு எல்லைகளையும் சேர்த்தே எழுதுங்கள்.

எல்லா வரைபடமும் பூஜ்யத்தில் தொடங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டை வரைபடத்தில் பட்டையின் நீளமே அளவு என்பதால் பூஜ்யம் கட்டாயம். பட்டைகளை வரையும்போது நூலகமே அதைக் காப்பாற்றிவிடும். கோட்டு வரைபடத்தில் நிலையே அளவாகிறது. நீர்த்தேக்கம் மேலே போகப் போக அகன்று விரிவதால், முழு மட்டத்தை நெருங்கிய நிலையில் ஓர் அடி உயர்வு, அடிமட்டத்தில் ஓர் அடி உயர்வைவிட அதிக நீரைக் குறிக்கிறது. வெள்ள எச்சரிக்கைக் காலத்தில் மேல்மட்ட மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் 36 முதல் 48 வரை என்று சுருக்குவது தவறில்லை. சுருக்கியிருப்பதை அச்சின் பெயரிலேயே சொல்லிவிட வேண்டும்; மேல் எல்லை அப்போதும் 48 ஆகவே இருக்க வேண்டும்.

அளவுக்குறிகள்

எல்லையை அடுத்து, அச்சில் எந்தெந்த இடத்தில் எண் நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய வேண்டும். நூலகம் பெரும்பாலும் பத்துப்பத்தாகப் பிரிக்கும். பத்துப்பத்தாகப் போனால் 40-க்குப் பிறகு 50 வரும். நமக்குத் தேவையான 48 எங்கும் நிற்காது. ஆறு ஆறாகப் பிரித்தால் 0, 6, 12 என்று சென்று சரியாக 48-இல் முடிகிறது. பெருஞ்சாணிக்கு 11 பொருந்தும், ஏழு படிகளில் 77 வந்துவிடும். சிற்றாறு அணைகளின் 18 அடிக்கு 3 அல்லது 6 போதும்.

அச்சு.ஒய்ஆக்சிஸ்.செட்_மேஜர்_லொக்கேட்டர்(மல்டிபிள்லொக்கேட்டர்(6))

லொக்கேட்டர் என்பது குறி நிற்கும் இடத்தையும், ஃபார்மேட்டர் என்பது அந்த இடத்தில் எழுதப்படும் சொல்லையும் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மேட்பிளாட்லிப்பின் அச்சு அமைப்பில் பாதி புரிந்துவிடும். செட்_ஒய்டிக்லேபிள்ஸ் என்ற கட்டளையைத் தனியாகப் பயன்படுத்துவதை நான் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வேன். அது சொற்களை மட்டும் மாற்றும், இடங்களைப் பூட்டாது. எல்லையோ படத்தின் அளவோ மாறும்போது குறிகள் நகர்ந்து, 30 என்ற சொல் 36 இருக்கும் இடத்தில் நின்றுவிடக்கூடும். இடத்தையும் சொல்லையும் ஒரே கட்டளையில் கொடுக்க, 3.5 பதிப்பிலிருந்து செட்_ஒய்டிக்ஸ்(இடங்கள், லேபிள்ஸ்=சொற்கள்) என்ற வழி இருக்கிறது.

அடியோடு மீட்டரையும் காட்ட விரும்பினால் இன்னொரு தரவுத் தொகுப்பு தேவையில்லை. ஓர் அடி 0.3048 மீட்டர். இரு திசையிலும் மாற்றும் இரண்டு சிறு சார்புகளை அடி_மீட்டர், மீட்டர்_அடி என்ற பெயர்களில் எழுதிக் கொடுத்தால் போதும்:

மீட்டர்அச்சு = அச்சு.செகண்டரி_ஒய்ஆக்சிஸ்(-0.1, ஃபங்ஷன்ஸ்=(அடி_மீட்டர், மீட்டர்_அடி))

இங்கே -0.1 என்பது இடப்பக்க அச்சுக்குச் சற்று வெளியே என்று பொருள்படும். வலப்பக்கத்தை மழைக்காகக் காலியாக வைத்திருக்கிறோம்.

மழையை மேலிருந்து தொங்கவிடுதல்

இந்தப் படத்தின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். மட்டம் அடியில், மழை மில்லிமீட்டரில். இரண்டுக்கும் வெவ்வேறு அளவுகோல் தேவை. ட்வின்எக்ஸ் என்ற கட்டளை, ஒரே கிடை அச்சைப் பகிரும் இரண்டாவது நெடு அச்சை வலப்புறத்தில் தருகிறது. ஆனால் இரண்டு அளவுகோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது, எல்லைகளை மாற்றி மாற்றி எந்த இரண்டு கோடுகளையும் ஒன்றோடொன்று பொருந்தியதுபோலக் காட்டிவிட முடியும். எனவே இரட்டை அச்சை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். நீரியலாளர்கள் நெடுநாளாகக் கையாளும் தீர்வு ஒன்று உண்டு: மழைப் பட்டைகளைத் தலைகீழாக்கி மேல் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, ஆற்றின் அல்லது அணையின் கோட்டைக் கீழே வரைவது. மழை மேலிருந்து விழுகிறது, நீர்மட்டம் கீழிருந்து உயர்கிறது, இரண்டும் குறுக்கிடுவதில்லை.

அதற்காக முதலில் எழுதிய எல்லையைச் சற்று மாற்றுகிறோம். படத்தின் கீழ் மூன்றில் இரண்டு பங்கை அணைக்கும், மேல் மூன்றில் ஒரு பங்கை மழைக்கும் ஒதுக்கலாம். 48 என்பது 72-இல் மூன்றில் இரண்டு. மழைத் தரவின் உச்சம் ஒரு நாளில் 150 மில்லிமீட்டருக்கு உட்பட்டது என்றால், அதன் மும்மடங்கான 450-ஐ எல்லையாகக் கொள்ளலாம்.

அச்சு.செட்_ஒய்லிம்(0, 72)
அச்சு.செட்_ஒய்டிக்ஸ்(ரேஞ்ச்(0, 49, 6))
அச்சு.ஆக்ஸ்எச்லைன்(48, லைன்ஸ்டைல்='--')
மழைஅச்சு = அச்சு.ட்வின்எக்ஸ்()
மழைஅச்சு.பார்(தரவு['தேதி'], தரவு['மழை'], விட்த்=-1, அலைன்='எட்ஜ்')
மழைஅச்சு.செட்_ஒய்லிம்(450, 0)
மழைஅச்சு.செட்_ஒய்டிக்ஸ்([0, 50, 100, 150])

பெரிய எண்ணை முதலில் கொடுத்திருப்பதால் அச்சு தலைகீழாகிறது. தனியாக இன்வெர்ட்_ஒய்ஆக்சிஸ் அழைக்கத் தேவையில்லை. 72 வரை எல்லை இருந்தாலும் குறிகளை 48-இல் நிறுத்திவிட்டதால், இல்லாத உயரத்துக்கு எண் எழுதும் பிழை நேராது. புயல் மழையில் ஒரே நாள் மழை 150-ஐத் தாண்டியிருந்தால், அந்தப் பட்டையை வெட்டாமல் உச்சத்துக்கு ஏற்ப 450-ஐயும் குறிகளையும் உயர்த்திக்கொள்ள வேண்டும். அச்சுப் பெயர்களையும் அதனதன் பகுதிக்கு நேராக நிறுத்துவது நல்லது. இடப்புறத்தில் செட்_ஒய்லேபிள்('நீர்மட்டம் (அடி)', லாக்='பாட்டம்') என்றும், வலப்புறத்தில் செட்_ஒய்லேபிள்('மழை (மி.மீ.)', லாக்='டாப்') என்றும் எழுதலாம். டிக்_பாராம்ஸ்(ஆக்சிஸ்='ஒய்', கலர்ஸ்=...) வழியாக எண்களுக்குப் பட்டையின் நிறத்தையே கொடுத்துவிட்டால் விளக்கக் கட்டமே வேண்டியதில்லை.

பட்டையின் அகலத்தை -1 என்று கொடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முறைப்படி ஒரு நாளின் மழை என்பது அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் பெய்தது. அதாவது ஜூன் 10 என்று பதிவான மழையில் பெரும்பகுதி ஜூன் 9 அன்றே பெய்திருக்கும். பட்டையைத் தேதியின் நடுவில் நிறுத்தினால் அந்த உறவு அரைநாள் பிசகும். எதிர்மறை அகலமும் 'எட்ஜ்' என்ற சீரமைப்பும் சேர்ந்து, பட்டையின் வல விளிம்பைப் பதிவுத் தேதியில் நிறுத்தி, உடலை முந்தைய நாள்மீது கிடத்துகின்றன. தேதி அச்சில் ஓர் அலகு ஒரு நாள் என்பதால் அகலம் 1 போதும். மலையில் பெய்த மழைக்கும் அணை மட்ட உயர்வுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆராய விரும்புபவருக்கு இந்த அரைநாள் பெரிய வேறுபாடு.

கிடை அச்சு: ஜூன் முதல் மே வரை

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் ஆகிய இரு பருவமழைகளும் கிடைக்கின்றன. பாசனத்துக்கு வழக்கமாக ஜூனில் திறக்கப்படும் நீர், கன்னிப்பூ எனப்படும் முதல் போக நெல் சாகுபடியைத் தாங்கி, கும்பப்பூ எனப்படும் இரண்டாம் போகச் சாகுபடி முடியும் பிப்ரவரி வரை ஓடுகிறது. ஜனவரி முதல் டிசம்பர் வரை அச்சை அமைத்தால் கும்பப்பூ இரண்டு துண்டாகி, ஒரு துண்டு படத்தின் வலக்கோடியிலும் மற்றது இடக்கோடியிலும் போய் நிற்கும். ஆகவே ஜூன் 1 முதல் மே 31 வரை என்பதே இங்கே பொருத்தமான ஆண்டு. செட்_எக்ஸ்லிம் கட்டளைக்கு இந்த இரண்டு தேதிகளையும் கொடுங்கள். சாகுபடிக் காலங்களை ஆக்ஸ்விஸ்பேன் வழியாக மிக வெளிறிய பின்னணி நிறத்தில் காட்டலாம்.

மாதப் பெயர்களைத் தமிழில் எழுத ஒரு சிறு சார்பு வேண்டும். மாதங்கள் என்ற பட்டியலில் 'ஜன', 'பிப்' முதல் 'டிச' வரை பன்னிரண்டு சுருக்கங்களை வைத்துக்கொண்டு, இடத்தைத் தேதியாக மாற்றி மாத எண்ணைப் பிடித்தால் போதும்:

டெஃப் மாதப்பெயர்(இடம், வரிசை):
    ரிட்டர்ன் மாதங்கள்[எம்டேட்ஸ்.நம்2டேட்(இடம்).மந்த் - 1]

பெயர் மாதத்தின் முதல் நாளுக்கு நேராக நின்றால், அந்த நாளை மட்டும் குறிப்பதுபோலத் தோன்றும். மாதத்தின் நடுவில் நிறுத்த, பெரிய குறிகளை மந்த்லொக்கேட்டர்() கொண்டு மாதத் தொடக்கத்தில் வைத்து, அவற்றின் பெயரை நல்ஃபார்மேட்டர்() மூலம் நீக்கிவிடுங்கள். சிறிய குறிகளை மந்த்லொக்கேட்டர்(பைமந்த்டே=16) கொண்டு நடுவில் வைத்து, ஃபங்ஃபார்மேட்டர்(மாதப்பெயர்) கொடுங்கள். டிக்_பாராம்ஸ்(விச்='மைனர்', லெங்த்=0) என்று சொன்னால் நடுக்கோடு மறைந்து பெயர் மட்டும் நிற்கும். பெயர்களைச் சாய்த்து எழுதுவதை நான் ஏற்பதில்லை. சாய்ந்த தமிழ் எழுத்தில் கொம்பும் காலும் கண்ணுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. இடம் போதாவிட்டால் படத்தை அகலமாக்குங்கள்.

தமிழ் எழுத்து உடையாமல் வர

முதலில் பெட்டி பெட்டியாக வரும். அது எழுத்துரு இல்லாமையால் வருவது. மேட்பிளாட்லிப்பின் பொது அமைப்புகளைத் தாங்கும் ஆர்சிபாராம்ஸில் 'ஃபான்ட்.ஃபேமிலி' என்பதற்கு நோட்டோ சான்ஸ் தமிழ், அதன்பின் டெஜாவூ சான்ஸ் என்று இரண்டு பெயர்களைப் பட்டியலாகக் கொடுங்கள். 3.6 பதிப்பிலிருந்து, முதல் எழுத்துருவில் இல்லாத குறியை நூலகம் இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய பதிப்பில் கழித்தல் குறி மட்டும் பெட்டியாக வந்தால் 'ஆக்சஸ்.யூனிகோட்_மைனஸ்' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

பெட்டி போன பிறகும் 'மே' என்பதில் ஏகாரக் கொம்பு மகரத்துக்குப் பின்னால் வந்து நிற்கக்கூடும். இது எழுத்துருவின் குறையன்று. தமிழ் எழுத்தை வரிசை மாற்றி இணைக்கும் வடிவாக்கப் படியை மேட்பிளாட்லிப்பின் வழக்கமான வரைபொறி நெடுங்காலமாகச் செய்யாமல், குறியீடுகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவந்திருக்கிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எழுத்துகளை இணைத்து வடிவாக்கும் ராக்ம் நூலகத்துடன் எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்று வரைபொறியை நிறுவுவது. மற்றது, நான் பரிந்துரைப்பது: 'எஸ்விஜி.ஃபான்ட்டைப்' என்பதை 'நன்' ஆக்கி, படத்தை உலாவியில் திறக்கக்கூடிய எஸ்விஜி என்ற திசையன் படக்கோப்பாகச் சேமிப்பது. அப்போது எழுத்துகள் கோடுகளாக மாற்றப்படாமல் எழுத்துகளாகவே கோப்பில் தங்குகின்றன; உலாவி அவற்றைச் சரியாக இணைத்துக் காட்டும். தாளில் அச்சடிக்கப் படக்கோப்பு வேண்டுமென்றால் அதே கோப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் திறந்து ஏற்றுமதி செய்யலாம். எழுத்தின் அகலத்தை மேட்பிளாட்லிப் தன் கணக்கில் அளந்திருப்பதால் பெயர்கள் மிகச் சிறிது விலகி நிற்கக்கூடும்; நீண்ட பெயர்களில் அதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நான்கு அணைகளையும் ஒப்பிடும்போது

நான்கு அணைகளையும் ஒரே அடி அச்சில் வரைந்தால், நிரம்பி வழியும் சிற்றாறுகூடப் பாதி காலியான பெருஞ்சாணிக்குக் கீழே கிடக்கும். பிஎல்டி.சப்பிளாட்ஸ்(4, 1, ஷேர்எக்ஸ்=ட்ரூ) என்று நான்கு அடுக்குகளாகப் பிரித்து, தேதியை மட்டும் பகிர்ந்து, ஒவ்வொன்றுக்கும் அதன் முழு மட்டத்தையே மேல் எல்லையாக வைப்பது நல்லது. ஷேர்ஒய் வேண்டாம். ஒரே அச்சில்தான் வேண்டுமென்றால், மட்டத்தை முழு மட்டத்தால் வகுத்து பர்சென்ட்ஃபார்மேட்டர்(1) கொடுக்கலாம். அந்த அச்சுக்கு 'முழு மட்டத்தில் விழுக்காடு' என்று பெயரிடுங்கள், 'கொள்ளளவில் விழுக்காடு' என்று எழுதிவிடாதீர்கள். பாதி உயரத்தில் நிற்கும் அணையில் பாதி நீர் இருப்பதில்லை. மேலே அகன்ற நீர்த்தேக்கத்தில் அது பாதியைவிடக் குறைவாகவே இருக்கும்.

வேறு தரவுக்கு வேறு அச்சு

தோவாளைச் சந்தையின் பூ விலை முகூர்த்த நாட்களில் பன்மடங்காகத் தாவும். அதை நேர் அச்சில் வரைந்தால் சாதாரண நாட்கள் அனைத்தும் அடியில் ஒட்டிக்கொள்ளும். செட்_ஒய்ஸ்கேல்('லாக்') கொடுத்தால் 200-லிருந்து 400-க்கும், 1000-லிருந்து 2000-க்கும் ஒரே உயரம் கிடைக்கும். வணிகர் பேசுவதும் இந்த மடங்கு மொழியில்தான். மடக்கை அச்சு பத்தின் அடுக்குகளாக எண்ணெழுதும் என்பதால், செட்_ஒய்டிக்ஸ் வழியாக 100, 200, 500, 1000, 2000 என்று நேரடியாகக் கொடுத்து, ஸ்கேலார்ஃபார்மேட்டர் பொருத்தி, சிறிய குறிகளுக்கு நல்ஃபார்மேட்டர் இடுங்கள். மழைக்கு இந்த அச்சு ஆகாது. மழையில்லாத நாளின் பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது.

லட்சத்தைத் தாண்டும் எண்களுக்கு நூலகம் தானாகக் காற்புள்ளி இடாது; பைதானின் வழக்கமான காற்புள்ளி வடிவத்தைக் கேட்டால் அது மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கும். 1,00,000 என்று நம் முறையில் வர, கடைசி மூன்று இலக்கங்களைத் தனியாகப் பிரித்து மீதியை இரண்டு இரண்டாக வெட்டும் சார்பை ஃபங்ஃபார்மேட்டரில் கொடுக்கலாம். மதிப்பை 1,00,000-ஆல் வகுத்து, அச்சுப் பெயரில் 'லட்சம் ரூபாய்' என்று ஒருமுறை எழுதிவிடுவது இன்னும் எளிது.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியின் காற்றுத் திசையை வரைய வட்ட அச்சு வேண்டும். ப்ரொஜெக்ஷன்='போலார்' என்று தொடங்கினால் பூஜ்யம் கிழக்கில் நின்று, கோணம் இடஞ்சுழியாக வளரும்; திசைகாட்டிக்கு அது ஒவ்வாது. செட்_தீட்டா_ஜீரோ_லொக்கேஷன்('என்') என்பது பூஜ்யத்தை வடக்குக்குக் கொண்டுவருகிறது. செட்_தீட்டா_டைரக்ஷன்(-1) என்பது சுழற்சியை வலஞ்சுழியாக்குகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அதுவே அதன் திசை என்பது வானிலை வழக்கம் என்பதையும் படத்தின் அடியில் குறித்துவிடுங்கள்.

எதை வரைந்தாலும், வெளியிடுவதற்கு முன் தரவிலிருந்து ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, அன்றைய மட்டத்தையும் மழையையும் கோப்பைப் பார்க்காமல் படத்தின் அச்சிலிருந்து மட்டும் வாசித்து எழுதுங்கள். பிறகு கோப்போடு ஒப்பிடுங்கள். மட்டம் ஓர் அடிக்கு மேலோ, மழை பத்து மில்லிமீட்டருக்கு மேலோ பிசகினால், குறிகளின் இடைவெளியையும் கட்டக்கோடுகளையும் மீண்டும் அமைத்துப் பாருங்கள்.